பைக்கில் மாட்டிய போன்: உங்களுக்கு என்ன ஆச்சு?

பழைய புல்லட், தாம்பரம்:

ரெண்டு வாரம் முன்னாடி அக்கா பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில குழந்தை, ஆசாரி கம்பிய எடுத்துட்டார், நான் போனை நீட்டுறேன். திரையில எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி அலையுறாங்க. கைதான் நடுங்குதுன்னு தூணோட அணைச்சுப் பிடிச்சேன். அப்பவும் அதே ஆட்டம். காதுல வெச்சுக் கேட்டா கேமரா பக்கத்துலேர்ந்து சன்னமா ‘கிர்ர்’னு சத்தம். குழந்தை அழுது முடிச்சு லட்டு தின்ன ஆரம்பிச்ச வரைக்கும் ஒரு படம் தேறல.

சர்வீஸ் சென்டர் பையன் போனைக் கையில வாங்கினதும் கேட்டது ஒண்ணுதான். “சார், பைக்ல மாட்டுவீங்களா?” என்ன வண்டின்னான். 2014 மாடல் புல்லட் 350ன்னேன். சிரிச்சுட்டான்.

இந்த மாதிரி போன்ல லென்ஸ் இறுக்கி உட்கார வெச்சது இல்லையாம். கை ஆடினா கைரோஸ்கோப் கண்டுபிடிக்கும், குட்டிக் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து லென்ஸை எதிர்ப்பக்கம் தள்ளும், படம் ஆடாம வரும். ஓஐஎஸ்ங்கிறது அதான். அதுக்கு முன்னாடிதான் மேப் பார்க்க போனை மாட்டிக்கிட்டு தாம்பரத்துலேர்ந்து ஏற்காடு போயிட்டு வந்திருந்தேன், போக வர எழுநூறு கிலோமீட்டர் கிட்ட. அவ்வளவு தூரமும் அந்த லென்ஸ் ஹேண்டில்பார்ல கிடந்து உதறியிருக்கு. ஆப்பிள் கம்பெனி 2021 செப்டம்பர்லயே தன் போன்களுக்கு இதை எழுதி வெச்சிருக்கு: பெரிய இன்ஜின் பைக்ல மாட்டாதீங்க, மொபெட், ஸ்கூட்டர்னாலும் அதிர்வு தாங்குற ஹோல்டர் போட்டுக்கோங்கன்னு. என்னது ஆண்ட்ராய்டு. ஆனா உள்ள அதே சமாச்சாரம்தானே. கேமரா மாத்த ஐயாயிரத்துச் சொச்சம் ஆச்சு.

உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க. அடுத்து என்ன போன் வாங்குறது, எப்படி மாட்டுறதுன்னு நானும் குழம்பிப்போய்த்தான் இருக்கேன்.

டெலிவரி வண்டி, கோவை:

வணக்கங்ண்ணா. நான் சாப்பாடு டெலிவரிங்க. பத்து மணி நேரம் போன் ஹேண்டில்லயேதான் இருக்கும். 110 சிசி வண்டி, போன்ல நீங்க சொல்ற ஓஐஎஸ் கிடையாது, கேமரா இன்னும் நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்குப் பிரச்சனை வெயில்.

ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பை இருக்குதுல்லங்க, அதுக்குள்ள போனைப் போட்டு, சார்ஜும் போட்டு, கத்திரி வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு காந்திபுரம் சிக்னல்ல நின்னா என்ன ஆகும்? முதல்ல வெளிச்சம் தானா குறையும். வெயில்ல திரையே தெரியாது, நாம ஏத்துனாலும் ஏறாது. அப்புறம் சார்ஜ் ஏறாது. அப்புறம் சூடு ஆறட்டும்னு ஒரு எச்சரிக்கை வந்து படுத்துக்கும். கையில பிரியாணி, கஸ்டமர் வீடு எங்கன்னு தெரியல. இது மாதிரி மூணு தடவை ஆயிருக்குதுங்க. 35 டிகிரி வரைக்கும்தான் நல்லா வேலை செய்யும்னு பெரிய கம்பெனிகளே போடுறாங்க. நம்ம ஊர் மே மாசம் அவங்களுக்கு எங்க தெரியும். இப்ப பை மழைக்கு மட்டும்தான். மத்த நாள்ல முதுகு திறந்த ஹோல்டர், காத்து படணும். சார்ஜ் கடைக்கு முன்னாடி காத்திருக்கையில பவர் பேங்க்ல.

இன்னொண்ணு, சிரிக்கக் கூடாது. நாலு பக்கமும் கவ்வுற ஹோல்டர்ல ஒரு கால் சரியா பவர் பட்டன் மேல உட்கார்ந்திருக்குது. எனக்குத் தெரியல. சிங்காநல்லூர் பக்கம் வரிசையா வேகத்தடை, டக் டக் டக்குனு ஏறி இறங்குனேன். ஹெல்மெட்டுக்குள்ள யாரோ பேசுற சத்தம். குனிஞ்சு பார்த்தா போன் 112க்கு அடிச்சுட்டு இருக்குது! அஞ்சு தடவை பவர் பட்டன் அமுக்குனா அவசர அழைப்பு போற வசதிங்க அது. மன்னிப்புக் கேட்டு வெச்சேன். அதுலேர்ந்து ஹோல்டர் வாங்கக் கடைக்குப் போனா போனை மாட்டிப் பார்த்துத்தான் காசு குடுப்பேன்.

650, ஓசூர்:

எல்லாரும் பயமுறுத்துறீங்க. என் 650 சிசி பைக்ல மூணு வருஷமா மாட்டுறேன், ஓஐஎஸ் இருக்கிற போன், ஒண்ணும் ஆகலை. ரெண்டு சிலிண்டர், இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கு, ஹோல்டருக்குக் கீழ அதிர்வை வாங்கிக்கிற ரப்பர் வெச்ச டேம்பர். புல்லட்டை மட்டும் வெச்சு எல்லா பைக்கையும் சொல்லாதீங்க.

பழைய புல்லட், தாம்பரம்:

ஒத்துக்கிறேன். என்னது ஒத்தை சிலிண்டர், பேலன்ஸரும் கிடையாது. எண்பதுல போனா கண்ணாடியில பின்னாடி வர்றது லாரியா பஸ்ஸான்னே தெரியாது. டேம்பரும் போடலை, இரும்புக் கிளாம்ப்பை நேரா கம்பியில முறுக்கினேன். கண்ணாடி ஆடுறப்பவே போனும் ஆடும்னு எனக்குத் தோணியிருக்கணும்.

ஸ்கூட்டர் டீச்சர், நாகர்கோவில்:

நான் தினமும் தக்கலைப் பக்கம் ஸ்கூலுக்குப் போறேன். எங்க ஊருக்கு ஜூன்லயே மழை வந்துரும். ஐபி68 போட்ட போன், தண்ணி புகாதுன்னு நம்பி மூடாம கண்ணாடித் தண்டுல மாட்டினேன். தண்ணி உள்ளே போகலை, உண்மைதான். ஆனா மழைத்துளி ஒவ்வொண்ணும் திரையில விரல் மாதிரி தட்டுது. மேப் தானா பெரிசாகுது, வழியை ரத்து பண்ணுது, ஒரு நாள் எங்க ஹெச்.எம்.முக்கே கால் போயிட்டு. ஸ்கூல்ல போய் சார்ஜ் போட்டா நீர்த்துளி படத்தைக் காட்டிட்டு ஏத்த மாட்டேங்குது. துளைக்குள்ள ஈரம். முக்கால் மணி நேரம் ஃபேனுக்குக் கீழ வெச்ச பிறகுதான் ஏறிச்சு. அந்த ஐபி எண்ணெல்லாம் புதுப் போனை நல்ல தண்ணியில அசையாம வெச்சுப் பார்க்கிற சோதனை. ஓடுற வண்டியில முகத்துல அறையுற மழை வேற. ஒரு தடவை கீழ விழுந்து ஓரம் பிளந்த போனுக்கு அந்த எண்ணை நம்பவே கூடாது.

விழுந்த கதையும் சொல்லிருதேன். குழியில இறங்கி ஏறினப்போ ஹோல்டர் அப்படியே இருக்கு, போன் மட்டும் பறந்து ரோட்டுல. பின்னாடி வந்த அரசு பஸ் டிரைவர் பிரேக் அடிச்சு நிறுத்தி, நான் எடுக்கிற வரைக்கும் காத்திருந்தார். அண்ணன் நல்லாயிருக்கணும். இப்போ ஹோல்டர் மேல நாலு மூலைக்கும் சிலிக்கான் வலை மாட்டுறேன், ஐம்பது ரூபா. தெரியாத ஊர்னா ஹெல்மெட்ல புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு, போன் கைப்பையில. ‘இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்’னு தமிழ்லயே சொல்லுது. ஊர்ப் பேரை மட்டும் கடிச்சுக் குதறும்.

ஆட்டோ எலக்ட்ரிகல், மதுரை:

கடைக்கு வர்ற வண்டியில வாரத்துக்கு ரெண்டு வண்டியாவது, போனுக்கு சார்ஜ் போட மாட்டுற யூஎஸ்பி சார்ஜர் கேசு. நேத்து வந்தவர் பத்து நாள் வண்டியை நிறுத்திட்டாராம், செல்ஃப் எடுக்கலன்னு சொன்னாரு. பார்த்தா சார்ஜர் ஒயரை பேட்டரியில நேரா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. ஃபியூஸும் இல்ல. சாவிய எடுத்தாலும் சார்ஜர்ல இருக்க சின்ன லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்ல, பழைய பேட்டரிக்கு அது போதும். சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஒயர்ல குடுங்க, நடுவுல ஒரு ஃபியூஸ் போடுங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பார்த்துட்டு அப்புறம் ஒயரைக் கட்டுங்க. இழுபட்டு உரசினா ஷார்ட்டுதான்.

பழைய புல்லட், தாம்பரம்:

எல்லாத்தையும் படிச்சுட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நல்ல போன் இனிமே ஜாக்கெட் உள்பையில. ஹேண்டில்ல மாட்ட ஓஐஎஸ் இல்லாத மலிவான போன் ஒண்ணு, சிம் போடாம, நல்ல போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட். மலைக்குப் போற அன்னிக்கு மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கலாம், டவர் இல்லன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். பழைய போன் வாங்கறப்ப எதைப் பார்க்கணும்?

டெலிவரி வண்டி, கோவை:

திசை காட்டுற காம்பஸ் சென்சார் இருக்குதான்னு பாருங்ண்ணா. மலிவு போன் நிறையத்துல இருக்காது. வண்டி ஓடுறப்ப தெரியாது. சிக்னல்ல நின்னு இடமா வலமான்னு பார்க்கையில அம்புக்குறி எந்தப் பக்கமோ காட்டும். கடையிலயே மேப்பைத் திறந்து நின்ன இடத்துல ஒரு சுத்து சுத்துங்க, அம்பும் சுத்தணும். காந்தம் வெச்ச ஹோல்டர் வேண்டாம், அதுவும் காம்பஸைக் குழப்பும். அப்புறம் வெயில்ல வெளியே கொண்டு வந்து, நீங்க போடுற கூலிங் கிளாஸோட திரையைப் பாருங்க. சில கண்ணாடிக்கு போனைப் படுக்கையா வெச்சா மொத்தமும் கருப்பாயிருதுங்க.

போலீஸ் பிடிப்பாங்களான்னு என்கூட ஓட்டுற பசங்க கேப்பாங்க. 2020 அக்டோபர்லேர்ந்து வழி பார்க்க மட்டும் போன் வெச்சுக்கலாம்னு மத்திய விதியிலயே இருக்குதுங்க, கவனம் சிதறக் கூடாது அவ்வளவுதான். ஓட்டிட்டே ஆர்டர் அக்செப்ட் பண்றது அதுல வராது. எனக்கே ஒரு தடவை அபராதம் விழுந்துச்சு.

பழைய புல்லட், தாம்பரம்:

பழைய போன் வாங்கியாச்சு, 3,200 ரூபா. பர்மா பஜார்ல நடுவழியில நின்னு ஒரு சுத்து சுத்தினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அம்பும் சுத்துச்சு. ஞாயித்துக்கிழமை கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு. கேமரா போன் ஜாக்கெட்லதான் வருது. போயிட்டு வந்து எழுதுறேன்.