ஆஸ்பத்திரியால வாற அம்மாவுக்கு வீட்டில கெயரர் எடுக்கிறது எப்பிடி? (இங்கிலாந்து)

நாவல்பழம்:
வணக்கம். அம்மாவுக்கு 79 வயசு. விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பரேசன் முடிஞ்சுது. இப்ப வோர்ட்டில "மெடிக்கலி ஃபிற், வீட்ட கூட்டிக்கொண்டு போகலாம்" எண்டினம். ஒராள் பக்கத்தில நிண்டால் ஃபிறேம் பிடிச்சு ரொய்லற் மட்டும் நடப்பா. படி ஏற ஏலாது, தனிய முழுக ஏலாது. சலரோகத்துக்கு இன்சுலினும் போடவேணும். எங்களோடதான் இருக்கிறா, வீடு எங்கட பேரில. நானும் மனிசியும் வேலைக்குப் போறனாங்கள். நர்ஸ் ஒராள் "ஃபமிலி இருக்குத்தானே" எண்டு கேட்டா. காசு கட்டாமல் கெயர் கிடைக்குமோ? கிடைச்சால் எவ்வளவு காலத்துக்கு? அம்மாவின்ர பாங்கில 19,000 பவுண் இருக்கு, ஊரில ஒரு காணியும் இருக்கு.

கிழுவங்கதியால்:
கிடைக்கும். ஆனால் வோர்ட்டை விட்டு வெளிக்கிட முன்னம் கேக்கவேணும். வீட்ட வந்தாப்பிறகு கேட்டால் கவுன்சிலின்ர வரிசையில நிக்க வேண்டிவரும்.

இப்ப எல்லா இடமும் "டிஸ்சார்ஜ் ரு அஸெஸ்" முறைதான். நீண்டகாலத் தேவை என்னெண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில வைச்சுப் பாக்கமாட்டினம், வீட்ட அனுப்பிப்போட்டுத்தான் பாப்பினம். போற ஆக்களை நாலு வழியாப் பிரிப்பினம். பாத்வே 0 எண்டால் புதுசா ஒரு உதவியும் இல்லை. 1 எண்டால் உதவியோட வீடு. 2 எண்டால் கொஞ்சக் காலம் றீஹாப் (உடம்பு தேறப் பயிற்சி குடுக்கிற இடம்) கட்டில். 3 எண்டால் கெயர் ஹோம். அம்மாவுக்குப் பொருந்திறது பாத்வே 1. "ஃபமிலி இருக்கு" எண்டு நீங்கள் தலையாட்டினால் பேசாமல் 0 எண்டு போட்டுவிடுவினம். வோர்ட் மனேஜரிட்டயோ டிஸ்சார்ஜ் கோர்டினேற்றரிட்டயோ நேர கேளுங்கோ: "அம்மா எந்தப் பாத்வேயில இருக்கிறா?" நோயாளியையும் பராமரிக்கிற ஆக்களையும் டிஸ்சார்ஜ் திட்டத்தில சேர்த்துக் கதைக்கவேணும் எண்டு 2022 ஹெல்த் அன்ட் கெயர் சட்டத்திலயே இருக்கு.

அடுத்தது "றீஏபிள்மென்ற்" எண்ட சொல். திரும்பத் தன்ர வேலையைத் தானே செய்யப் பழக்கிற உதவி இது. 6 கிழமை வரைக்கும் இலவசம், ஆற்ற வருமானத்தையும் சேமிப்பையும் பாக்க ஏலாது. சில இடங்களில இதைத் தராமல் சாதாரண கெயர் பக்கேச்சோட அனுப்பிப்போட்டு பிறகு பில் அனுப்புவினம். அதால "இது றீஏபிள்மென்றா, காசு கட்டிற பக்கேச்சா?" எண்டு ஈமெயிலில கேட்டு, பதிலையும் எழுத்தில வாங்குங்கோ. 6 கிழமை எண்டது உச்ச வரம்பு மட்டுந்தான். ஆள் தேறிவிட்டா எண்டு கண்டால் 3 கிழமையிலயும் நிப்பாட்டலாம்.

சாமான்களும் அப்பிடித்தான். கொமோட், ரொய்லற் சீற் உயர்த்திற சாமான், ஃபிறேம், கைபிடி மாதிரி உபகரணங்களும், 1,000 பவுணுக்கு உட்பட்ட சின்ன மாற்றங்களும் இலவசம். ஓ.ரீ. (ஒக்கியூபேஷனல் தெரப்பிஸ்ற், அன்றாட வேலையளைச் செய்ய என்ன உதவி வேணும் எண்டு பாக்கிற ஆள்) வந்து பாத்துத்தான் எழுதுவா. அவவுக்கு கதவு அகலம், கட்டில் உயரம், கதிரை உயரம், ரொய்லற் உயரம் எல்லாத்தையும் இண்டைக்கே அளந்து ஃபோட்டோவோட அனுப்பிவிடுங்கோ. இந்த அளவுகள் இல்லாட்டி டிஸ்சார்ஜ் பிந்தலாம். இடுப்பு ஒப்பரேசன் செய்த ஆளுக்குத் தாழ்ந்த சோபா சரிவராது. கட்டில் கீழ் அறையில, கொமோட் அதுக்குப் பக்கத்தில.

மாரிமழை:
மேல சொன்னதோட, எங்கட ஆக்கள் வழமையா எங்க சறுக்கிறவை எண்டு சொல்லுறன்.

அஸெஸ்மென்றுக்கு சோசல் வேர்க்கர் காலமை பத்தரைக்கு வருவா. அதுக்கு முன்னமே மருமகள் அம்மாவை முழுகவாத்து, தலை இழுத்து, நல்ல சீலையும் உடுத்தி இருத்திவிடுவா. "ஹவ் ஆர் யூ மேனேஜிங்?" எண்டு கேட்டால் அம்மா சிரிச்சுக்கொண்டு "ஐ ஆம் ஓகே, ஓல் குட்" எண்டுவா. வந்த ஆள் "இன்டிபென்டன்ற்" எண்டு எழுதிக்கொண்டு போயிடுவா. வெளியாளுக்கு முன்னால குறை சொல்லக்கூடாது எண்ட பழக்கம் இந்த இடத்தில உங்களுக்கு எதிராத்தான் வேலை செய்யும்.

ஆனபடியால் வாறதுக்கு முன்னம் மூண்டு நாள் ஒரு கொப்பியில எழுதுங்கோ. எத்தினை மணிக்கு, என்ன வேலை, ஆர் உதவி, எவ்வளவு நேரம். "ரொய்லற் போக உதவி" எண்டு மட்டும் எழுதக் காணாது. "இரவு 2.10: எழுப்பி இருத்த ஒராள், ஃபிறேம் வரைக்கும் பிடிக்கவேணும், உள்ளாடை கழட்ட உதவி, துடைக்க உதவி, திரும்பப் படுக்க 25 நிமிசம்" எண்டு எழுதுங்கோ. கெட்ட நாளையும் எழுதுங்கோ.

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, அதுக்குக் காசில்லை. மகன் மொழிபெயர்த்தால் ரொய்லற் விசயம், மூத்திரம் கசியிறதெல்லாம் அம்மா வாயே திறக்கமாட்டா. "யாழ்ப்பாணத் தமிழ் விளங்கிற ஆள் வேணும், பொம்பிளையாள் எண்டால் நல்லம்" எண்டு முன்கூட்டியே சொல்லலாம்.

மற்றது, நீங்கள் செய்யிற உதவியைக் கழிச்சுப்போட்டுத் தேவையைக் கணக்கெடுக்க ஏலாது. கெயர் அக்ட் 2014 இன்படி முதல்ல முழுத் தேவையையும் எழுதவேணும். பிறகுதான், விரும்பிச் செய்யக்கூடிய ஆள் இருந்தால் அந்தப் பங்கைக் குறிக்கலாம். "ஐ ஆம் நொட் ஏபிள் அன்ட் நொட் வில்லிங் ரு டூ பேர்சனல் கெயர் ட்யூரிங் வேர்க்கிங் அவர்ஸ்" (வேலை நேரத்தில முழுகவாக்கிறது, உடுத்திறது மாதிரி உதவி செய்ய எனக்கு ஏலாது, விருப்பமும் இல்லை) எண்ட வசனம் அறிக்கையில கிடக்க வேணும். பாசம் இல்லாதவன் எண்டு ஒருத்தரும் நினைக்கமாட்டினம். உங்களுக்கும் மனிசிக்கும் தனித்தனியா கெயரர்ஸ் அஸெஸ்மென்ற் (பராமரிக்கிற குடும்பத்தாக்களுக்கு என்ன உதவி வேணும் எண்டு பாக்கிறது) கேக்கலாம்.

நாவல்பழம்:
மெத்தப் பெரிய உதவி. 6 கிழமை முடிஞ்ச பிறகு காசுக் கணக்கு எப்பிடி? அம்மாவின்ர காசை என்ர பேருக்கு மாத்தினால் சரி எண்டு ஒராள் சொல்லுறார். நகையும் கொஞ்சம் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
மாத்தாதேங்கோ. அதுக்கு "டெப்ரிவேஷன் ஒஃப் அசெற்ஸ்" எண்டு பேர். கெயர் காசு கட்டாமல் விடத்தான் மாத்தினது எண்டு கவுன்சில் கண்டால், அந்தக் காசு இன்னும் அம்மாவிட்ட இருக்கிற மாதிரியே கணக்கெடுக்கும். ஏழு வருசம் கழிஞ்சால் பிரச்சினை இல்லை எண்டு ஆக்கள் சொல்லுறது இன்ஹெரிற்றன்ஸ் ராக்ஸ் (செத்தாப்பிறகு சொத்துக்குக் கட்டிற வரி) விதி. கெயருக்கு அப்பிடி ஒரு காலக்கெடுவே இல்லை.

2025-26 கணக்குப்படி 23,250 பவுணுக்கு மேல சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் அம்மாவின்ர பொறுப்பு. 14,250க்குக் கீழ எண்டால் சேமிப்பைத் தொடமாட்டினம். இடைப்பட்ட தொகையில ஒவ்வொரு 250 பவுணுக்கும் கிழமைக்கு 1 பவுண் வருமானம் வாறதாக் கருதுவினம். 19,000த்தில 14,250ஐக் கழிச்சால் 4,750, அதை 250ஆல பிரிச்சால் கிழமைக்கு 19 பவுண். இதோட பென்சனையும் சேர்த்து, கையில விடவேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கழிச்சு மிச்சத்தைத்தான் கேப்பினம்.

வீட்டில வைச்சுப் பாக்கிற கெயருக்கு, அவ இருக்கிற வீடு அவவின்ர பேரில இருந்தாலும் கணக்கில வராது. உங்கட சம்பளமும் வராது. நகை அவவின்ர சொந்தப் பாவனைப் பொருள், அதையும் எடுக்கமாட்டினம், சேமிப்பைக் குறைக்கவெண்டு புதுசா வாங்கினதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஊர்க்காணி வேற கதை. வெளிநாட்டுச் சொத்தும் சேமிப்பு மாதிரிக் கணக்கில வரும், படிவத்தில காட்டவேணும். பெறுமதி என்ன, ஆற்ற பேரில உறுதி, பங்காளியள் ஆர், விக்கலாமா எண்டதை ஊரில ஒரு நொத்தாரிசிட்ட எழுதி வாங்கி வையுங்கோ. சகோதரங்களோட பங்கு எண்டால் அவவின்ர பங்கு மட்டுந்தான்.

கனபேர் கோட்டைவிடுறது "டிசபிலிற்றி றிலேற்றட் எக்ஸ்பென்டிச்சர்" (ஏலாமையால வாற கூடுதல் செலவு). கூடின ஹீற்றிங் பில், கூடத் தோய்க்கிற செலவு, மூத்திரம் கசியிறதுக்கு வைக்கிற பாட், விசேட சாப்பாடு எல்லாத்துக்கும் ரசீது வைச்சு, பங்களிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ. தாங்களாக் கேக்கமாட்டினம்.

கிழுவங்கதியால்:
இதோட அற்றென்டன்ஸ் அலவன்சும் (உதவி தேவைப்படுற வயசானவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) கேளுங்கோ. பென்சன் வயசு வந்தவைக்கு, சேமிப்பைப் பாக்காது. 2025-26இல கிழமைக்கு 73.90 இல்லாட்டி 110.40 பவுண். இரவும் பகலும் உதவி வேணும் எண்டால் கூடினது. 6 மாசமா உதவி தேவைப்பட்டிருக்க வேணும், ஆனால் விழுந்த நாளில இருந்துதான் எண்ணவேணும் எண்டில்லை. முதலே முழுக, உடுக்க உதவி வேண்டியிருந்தால் அந்தத் திகதியை எழுதுங்கோ. ஃபோமை நெற்றில இறக்காமல் ஃபோன் பண்ணிக் கேளுங்கோ. 6 கிழமைக்குள்ள நிரப்பி அனுப்பினால், கேட்ட நாளில இருந்தே கணக்கு.

முழுக்க என்எச்எஸ் (அரசாங்க சுகாதார சேவை) காசில பாக்கிற "கொன்ரினியூயிங் ஹெல்த்கெயர்" எண்டும் ஒண்டு இருக்கு, சேமிப்பைப் பாக்காது. ஆனால் அதுக்கு முதன்மையா மருத்துவத் தேவை இருக்கவேணும். நீங்கள் சொல்லுற நிலைமைக்குக் கிடைக்கிறது கஸ்ரம். கேட்டால் செக்லிஸ்ற் ஒண்டு போடுவினம், அது பொசிற்றிவ் எண்டால் 28 நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். பெரிசா நம்பிக்கை வைக்காதேங்கோ.

மாரிமழை:
இன்சுலினை மறந்திட்டம். கெயரர் சாதாரணமா ஊசி போடமாட்டா. டிஸ்றிக்ற் நர்சுக்கு (வீட்ட வந்து பாக்கிற நர்ஸ்) வோர்ட்டிலயே றெஃபரல் போடச் சொல்லுங்கோ, அது இலவசம், கவுன்சிலோட சம்பந்தமில்லை. நர்ஸ் வாற நேரமும் கெயரர் வந்து சாப்பாடு குடுக்கிற நேரமும் பொருந்தவேணும். ஊசி போட்டுச் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கும். குளிசையள் லேபல் ஒட்டின பெட்டியில இருந்து, மார் சார்ட்டில (என்ன மருந்து எப்ப குடுக்கிறது எண்டு பதியிற தாள்) எழுதினது மட்டுந்தான் கெயரர் குடுப்பா. ஊரில இருந்து வந்த கசாயம், சூரணம் ஒண்டும் தொடமாட்டா. டிஸ்சார்ஜ் அண்டைக்கு வோர்ட்டை விட்டு வெளிக்கிட முன்னம் மருந்துப் பையைத் திறந்து, இன்சுலின் பேனாவும் ஊசியும் உள்ள இருக்கோ எண்டு பாருங்கோ. வெள்ளி பின்னேரம் எண்டால் கட்டாயம் பாருங்கோ.