41 கோல்: பேல் கணக்கை எண்ணும்போது எங்கே இடறுகிறது?

கால்பந்து வீரர் கரெத் பேல், வேல்ஸ் அணிக்கு 111 ஆட்டம், 41 கோல். 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது நின்ற கணக்கு இது. ஆனால் காணொளிகளை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்களுக்கு 42, 43 என்று வந்து நிற்கும். பெரும்பாலும் குழப்புவது இரண்டு ஆட்டங்கள்.

ஒன்று, 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) வட அயர்லாந்துடன் நடந்த நாக் அவுட் ஆட்டம். இடப்பக்கத்திலிருந்து பேல் குறுக்கே அடித்த பந்து கரெத் மெக்காலி மேல் பட்டு உள்ளே போனது. இரண்டாவது, 2022 ஜூன் 5, கார்டிஃப். உக்ரைனுக்கு எதிரான உலகக் கோப்பை பிளே ஆஃப். பேலின் ஃப்ரீ கிக்கைத் தலையால் வெளியே தள்ளப் போன யார்மொலென்கோ, தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். இரண்டுமே சேம் சைடு கோல்.

பொதுவாகப் பின்பற்றும் அளவுகோல் எளியது. பந்து கோலுக்குள் போகிற பாதையில் இருந்து, நடுவில் யார் மேலாவது உரசித் திசை மாறினால் அடித்தவர் பெயரில் எழுதுவார்கள். வெளியே போகவிருந்த பந்தோ, கிராஸோ எதிராளி மேல் பட்டு உள்ளே போனால் சேம் சைடு. 64 வருடம் கழித்து வேல்ஸை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது பேலின் கால்தான். ஏட்டில் மட்டும் யார்மொலென்கோ பெயர்.

* * *

வேல்ஸ் ஆடவர் அணியில் அதிக கோல் என்ற இயன் ரஷ்ஷின் பழைய சாதனை எந்த நாளில் உடைந்தது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ரஷ் 73 ஆட்டத்தில் 28. பேல் 26 கோலோடு சீனாவின் நான்னிங் நகரில் இறங்கினார். 2018 மார்ச் 22, சீனக் கோப்பை, பயிற்சியாளராக ரயன் கிக்ஸுக்கு முதல் ஆட்டம். 3வது நிமிடம், 21வது நிமிடம் என இரண்டு அடித்ததும் ரஷ்ஷுக்குச் சமம். 62வது நிமிடத்தில் 29. ஆட்டம் 6-0.

நட்பு ஆட்டத்தில் சீனாவை அடித்துத்தானே சாதனை என்று இளக்காரமாகச் சொல்வதுண்டு. முழு சர்வதேச ஆட்டமாக அங்கீகரிக்கப்பட்டால் நட்பு ஆட்டக் கோலும் கணக்கில் உண்டு. எல்லாருக்கும் அதே விதிதான்.

* * *

மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் பழைய வேல்ஸ் வீரர் ட்ரெவர் ஃபோர்டுக்கு அநியாயம் நடந்துவிடும். 1946 முதல் 1956 வரை 38 ஆட்டம், 23 கோல். வகுத்துப் பார்த்தால் 1.65 ஆட்டத்துக்கு ஒரு கோல். ரஷ்ஷுக்கு 2.61, பேலுக்கு 2.71. ஐவர் ஆல்சர்ச்சும் அதே 23தான், ஆனால் 68 ஆட்டத்தில். அதாவது 2.96.

ஃபோர்டு காலத்தில் வருடத்துக்கு உறுதியான ஆட்டம் மூன்றுதான்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து. மற்றதெல்லாம் அத்தி பூத்தாற்போல. பத்து வருடம் ஆடியும் 38 என்பதற்குக் காரணம் இதுதான். சண்டர்லாந்து கிளப்பில் நடந்த ரகசியப் பணப் பட்டுவாடாவைத் தன் சுயசரிதையில் போட்டு உடைத்ததால் தடை வந்தது. அவர் ஹாலந்தில் பிஎஸ்வி ஐந்தோவனுக்குப் போய்விட்டார். 1958 உலகக் கோப்பை அவர் இல்லாமலே நடந்தது. அதில் மெக்ஸிகோவுக்கு எதிராகவும், ஹங்கேரியுடனான பிளே ஆஃபிலும் அடித்தவர் ஆல்சர்ச்.

சராசரியைக் காட்டிப் பேலை மட்டம் தட்டுவதும் சரியல்ல. 2006 மே 27 அன்று ஆஸ்திரியாவின் கிராட்ஸில், டிரினிடாட்டுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடியபோது வயது 16. ஆரம்ப வருடங்களில் அவர் இடது பேக், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர். ஸ்ட்ரைக்கராகவே வளர்ந்த ரஷ்ஷோடு அந்த வருடங்களை ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும்.

* * *

இடது பேக் என்றாலும் முதல் கோல் ஃப்ரீ கிக்கில் வந்துவிட்டது: 2006 அக்டோபர், ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக. ஆட்டம் 1-5 என்று தோற்றதால் யாரும் கொண்டாடவில்லை. பத்து வருடம் கழித்து யூரோவில், பிரான்ஸின் போர்டோவில், அதே ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக 10வது நிமிடத்தில் மறுபடி ஃப்ரீ கிக். அடுத்து லான்ஸ் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக 30 மீட்டர் தூரத்திலிருந்து இன்னொன்று. கீப்பர் ஜோ ஹார்ட் கை வைத்தும் நிற்கவில்லை.

அந்த உதையின் சூட்சுமம் சுழலாமை. வலது காலைப் பந்தின் பக்கத்தில் ஊன்றி, இடது கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உட்பக்க மேல் எலும்பால் பந்தின் நடுவில் அடிப்பது. அடித்ததும் காலை முழுதாக வீசாமல் சட்டென நிறுத்த வேண்டும். பந்து கிட்டத்தட்ட சுழலாமல் போகும்போது பின்னால் காற்று பிரியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பந்து தள்ளாடும், கீப்பர் ஒரு எட்டு தப்பாக வைத்துவிடுவார்.

கெடுவது எங்கே? நடுவை விட்டு ஒரு விரல் தள்ளிப் பட்டால் சுழற்சி வந்துவிடும், தள்ளாட்டம் போய்விடும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து கேலரிக்கு. 20 மீட்டருக்குள் என்றால், எதிரணியினர் வரிசையாக நிற்கும் சுவரைத் தாண்டி இறங்கப் பந்துக்கு இடமில்லை. அங்கே வளைத்து அடிப்பதே புத்தி. 2022 மார்ச்சில் ஆஸ்திரியாவுக்கு எதிராக வலது மேல் மூலையில் செருகியது வளைத்து அடித்த வகை.

சுவர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் பேலுக்கு ஒரு கோல் தந்திருக்கிறது. 2014 செப்டம்பர், யூரோ தகுதிச் சுற்று, அண்டோராவில், செயற்கைப் புல் மைதானம், 1-1. முதல் அடி வீணானது. சுவர் முன்னால் நகர்ந்ததென்று நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார். 81வது நிமிடம், 2-1. அந்தத் தகுதிச் சுற்று முழுக்க வேல்ஸ் அடித்தது 11, அதில் பேல் 7. அந்த இரண்டு புள்ளி போயிருந்தால் யூரோ கனவு ஆரம்பத்திலேயே ஆட்டம் கண்டிருக்கும்.

* * *

பெனால்டியையும் சேர்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் கஸானில் பெலாரஸுக்கு எதிரான ஹாட்ரிக்கில் இரண்டு பெனால்டி; மூன்றாவதுதான், 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தில் வந்து 3-2 ஆக்கியது. அதே வருடம் ஜூனில், பாகுவில் துருக்கிக்கு எதிராகப் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தவரும் இவரே. ஆனால் அன்று வேல்ஸ் அடித்த இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தவர் பேல். கோல் கணக்கு மட்டும் பார்த்தால் அவருடைய ஆகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று பூஜ்யமாகத் தெரியும்.

கடைசி, 41வது: 2022 நவம்பர் 21, கத்தார், அமெரிக்காவுக்கு எதிராக 82வது நிமிடம். கீழே தள்ளப்பட்டதும் அவர், அடித்ததும் அவர்.

* * *

ஒரு திருத்தம். "வேல்ஸுக்காக அதிக கோல்" என்று எழுதினால் அது பேல் இல்லை. "ஆடவர் அணியில்" என்று சேர்த்தால்தான் சரி. மகளிர் அணியில் ஹெலன் வார்ட் 44 அடித்து முடித்தார். 2024 ஜூலையில் லனெல்லியில், கொசோவோவுக்கு எதிராக 45வது அடித்து அதையும் தாண்டியவர் ஜெஸ் ஃபிஷ்லாக். அவர் ஸ்ட்ரைக்கர்கூட இல்லை, நடுக்கள ஆட்டக்காரர். 2025 யூரோவில் பிரான்ஸுக்கு எதிராக 38 வயதில் அவர் அடித்ததுதான் பெரிய போட்டியொன்றில் வேல்ஸ் மகளிரின் முதல் கோல். அதற்கும் முதலில் ஆஃப்சைடு கொடி தூக்கினார்கள். வீடியோ பார்த்த பிறகுதான் கணக்கில் ஏறியது.