எடை கூடினால் ஜெயிக்கும் என்கிறது ரிப்போர்ட் (அனுபவப் பகிர்வு)

செந்தூல் ரேஸ்காரன்:
சுங்கை பெசி (கோலாலம்பூர் குதிரைப் பந்தயத் திடல்) டேட்டாவில் ரிக்ரஷன் (எந்தக் காரணி வெற்றியை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கும் கணக்கு) ஓட்டியவர்கள் எல்லோரும் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். சுமக்கும் எடைக்கு நேரே பிளஸ்! 52 கிலோ குதிரையைவிட 58 கிலோ குதிரை அதிகம் ஜெயிக்கிறதாம், பி மதிப்பும் 0.05-க்குக் கீழே, அதாவது தற்செயல் மாதிரி தெரியவில்லை. மென்பொருள் மேல் தப்பில்லை. நல்ல குதிரைக்குத்தானே ஹேண்டிகேப்பர் (போட்டியைச் சமமாக்க எடை நிர்ணயிக்கும் அதிகாரி) எடையை ஏற்றுகிறார்? அந்த எடை நெடுவரிசையில் இருப்பது குதிரையின் தரம். ரேட்டிங்கையும் (குதிரையின் திறமைக்குத் தரும் மதிப்பெண்) ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து ஓட்டுங்கள், பிளஸ் மறைந்துவிடும்.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, மறையாது, குழம்பும். ஹேண்டிகேப் ரேஸில் எடையே ரேட்டிங்கிலிருந்து வருவதுதானே. ஒரே ரேஸுக்குள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. இரண்டையும் போட்டால் ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீட்டின் பிழை அளவு) ஊதிப்போகும், பிளஸ் மைனஸ் குறி ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாயும். விஐஎஃப் (காரணிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் எண்) நெடுவரிசையைப் பாருங்கள், 10 தாண்டினால் அந்த வரியை நம்பவே வேண்டாம். எடையும் ரேட்டிங்கும் பிரியும் இடங்கள் கொஞ்சம்தான்: அப்ரண்டிஸ் கிளெய்ம் (பயிற்சி ஜாக்கிக்குத் தரும் எடைச் சலுகை), குறைந்தபட்ச எடையில் முட்டி நிற்கும் குதிரை. ஆகவே கிளெய்ம் கிலோவைத் தனி நெடுவரிசையாக எடுங்கள். திறமைக்கு ரேட்டிங்குக்குப் பதில் கடைசி மூன்று ஓட்டத்தில் எத்தனை குதிரை நீளத்தில் தோற்றது என்பதைப் போடுங்கள். ஒன்று மறக்காதீர்கள், கிளெய்ம் வாங்குபவர் கற்றுக்குட்டி ஜாக்கி. குறைந்த எடையின் லாபமும் அனுபவக் குறைவின் நஷ்டமும் அந்த ஒரே எண்ணில் கலந்து வரும்.

ஆயர் ஈத்தாம் 12:
எனக்கு உறுத்துவது பேரியர் (குதிரை கிளம்பும் கேட் எண்) டேபிள். 1-ஆம் பேரியருக்கு வெற்றி 20 சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டும். கீழே எண்ணிக்கையைப் பார்த்தால் 60 ஓட்டத்தில் 12 வெற்றி. கணக்குப் போடுங்கள்: பிழை எல்லை கூட்டியும் கழித்தும் சுமார் 10. உண்மை 10-லிருந்து 30 வரை எங்கேயும் இருக்கலாம். எட்டுக் குதிரை ஓடும் ரேஸில் கண்ணை மூடிக் கை வைத்தாலே 12.5 கிடைக்குமே! எண்ணிக்கையைப் பெருக்கப் பினாங்கு பத்து காந்தோங் திடலின் பழைய ரேஸ்களைச் சேர்க்கலாமா?

பட்டர்வொர்த் அக்கா:
சேர்க்காதீர்கள் லா. முதல் வளைவு வரை எவ்வளவு தூரம் என்பதுதான் பேரியரின் மதிப்பு, அது ட்ராக்குக்கு ட்ராக் மாறும். ஒரே ட்ராக்கிலும் தூரத்துக்குத் தூரம் மாறும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பழையவர்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எடை, பேரியர் எல்லாம் அப்புறம். முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஜாக்கியின் வெற்றி சதவீதம் இன்று எடுத்த ரிப்போர்ட்டிலிருந்து வந்திருந்தால், போன மாத ரேஸின் முடிவும் அதற்குள்ளேயே இருக்கும். விடையைப் பார்த்துப் பரீட்சை எழுதிய மாதிரி, மாடல் பிரமாதமாகத் தெரியும், சனிக்கிழமை கவிழும். ஒவ்வொரு ரேஸுக்கும் அதற்கு முந்தைய நாள் வரை உள்ளதை மட்டும் கூட்டுங்கள். சோதனைக்குத் தாறுமாறாகப் பிரிக்காதீர்கள். பழைய ரேஸ்களில் பழக்கி, கடைசி சில மாதங்களைத் தொடாமல் வைத்துப் பாருங்கள்.

சாதாரண லாஜிஸ்டிக்கும் (ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் தனித்தனியாகக் கணக்கிடும் முறை) வேண்டாம். ஒரு ரேஸில் எல்லாக் குதிரையின் வாய்ப்பும் கூட்டினால் 1 வரவேண்டும், அதற்குக் கண்டிஷனல் லாஜிட் (ஒரே ரேஸின் குதிரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை). ஆர் (R) என்ற மென்பொருளில் சர்வைவல் தொகுப்பின் கிளாஜிட் (clogit) கட்டளை, ஸ்ட்ராட்டாவில் (குழுவைக் குறிக்கும் இடம்) ரேஸ் எண். ஆய்வாளர்கள் போல்டனும் சாப்மனும் 1986-லேயே இந்த வகை மாடலைக் குதிரை ரேஸுக்குப் போட்டார்கள். ஹாங்காங்கில் மாடல் வைத்துப் பந்தயம் கட்டிய பெண்டர் 1994-இல் எழுதியதைப் பாருங்கள், மாடலின் வாய்ப்பைப் பொதுமக்களின் ஆட்ஸோடு (பந்தயப் பணத்திலிருந்து வரும் விகிதம்) கலந்த பிறகே அவர் பணம் வைத்தார். ஆட்ஸைச் சேர்த்த பிறகும் உங்கள் காரணியின் எண் பூஜ்ஜியத்திலிருந்து விலகி நிற்கிறதா? இல்லையென்றால் அது கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி, டிவிடெண்ட் (டிக்கெட்டுக்குக் கிடைக்கும் பணம்) தராது.

செந்தூல் ரேஸ்காரன்:
ஐயா, ஆட்ஸ் கேட் திறக்கும் வரை மாறுமே. கடைசி ஆட்ஸை மாடலில் போட்டால் அதுவும் விடையைப் பார்ப்பதுதானே?

பிரிக்ஃபீல்ட்ஸ் பழையவர்:
பாதி சரி. காரணியைச் சோதிக்கக் கடைசி ஆட்ஸ் போதும். லாபத்தைக் கணக்கிடும்போது நீங்கள் டிக்கெட் எடுக்கும் நேரத்து ஆட்ஸைச் சேமித்து வைத்தால்தான் ஆகும். சிங்கப்பூர் கிராஞ்சி திடலின் ஓட்டங்களைக் கலப்பவர்கள் பாலிட்ராக் (செயற்கைத் தளம்) ரேஸ்களை முதலில் கழித்துவிடுங்கள். அங்கே 2024 அக்டோபரோடு ரேஸ் நின்றுவிட்டது, அந்தத் தளத்துக்கான எண்ணைத் திருத்திக்கொள்ளப் புதிதாக ஒரு ஓட்டமும் வராது.