டிக்கி சப்வூஃபர்: ஆம்ப் சூடாகிறது, கெய்ன் எவ்வளவு வைக்கலாம்?

மன்னார்குடிக்காரன்:
கார் டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் பவர்), 4 ஓம் காயில் இரண்டு. மோனோ ஆம்ப், 2 ஓமில் 300 வாட். மாட்டிக்கொடுத்தவர் கெய்னை முக்கால்வாசி திருகி, பேஸ் பூஸ்டையும் ஏற்றிவிட்டார். திருவாரூர் போய்ச் சேர்வதற்குள் ஆம்ப் தொட முடியாத சூடு, லேசாகக் கருகல் வாடை வேறு. காயில் போய்விட்டதா?

குடந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
வாடை வந்தால் பாட்டை நிறுத்திவிடுங்கள் தம்பி. கெய்ன் என்பது வால்யூம் குமிழ் இல்லை, ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. அளவு மீறினால் சத்தம் பிசிறடிக்கும், காயில் வெந்துபோகும்.

சப்வூஃபர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஸ்டீரியோ வால்யூம் முக்கால். 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். கெய்னைக் குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏற்றி, 24 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். 300 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அவ்வளவுதான் வரும். இரண்டு காயிலும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இருந்தால்தான் இந்தக் கணக்கு. சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக) என்றால் 8 ஓம்.

அப்புறம் ஆம்பின் எர்த் வயர். பெயிண்டைச் சுரண்டி, வெற்றுத் தகட்டில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். நம்ம ஊர் ஐப்பசி மழைக்குத் துரு சீக்கிரம் ஏறும். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும்.

மன்னார்குடிக்காரன்:
பேரலல்தான் அண்ணே. எர்த்தை பெயிண்ட் மேலேயே முறுக்கி வைத்திருக்கிறார்கள்! ஃபியூஸ் டிக்கியில்தான் இருக்கிறது, பரவாயில்லையா?

குடந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
கூடாது. நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். அதை மாற்றும்வரை ஆம்ப் வயரை பேட்டரியிலிருந்து கழற்றி வையுங்கள்.