காணிக்கையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டா?

தேரிக்காட்டுக்காரன்:

போன வருடம் எங்கள் கோயிலில் அசனப் பண்டிகை (சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து) அன்று எனக்கு நடந்ததை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரி ஓரத்தில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

எனக்கும் என் தம்பிக்கும் 11 வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் கிணறு. அப்பா பாகம் பிரித்தபோது கிணற்றைப் பொதுவில் வைத்தார். தண்ணீர் முறை ஆளுக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போடக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களைப் பிரித்தது. நான் கோயிலில் இருக்கும் நேரம் அவன் மோட்டார் போடுகிறான் என்பது என் புகார். சனிக்கிழமை ராத்திரி 12 மணி தாண்டியும் நான் மோட்டாரை நிறுத்துவதில்லை என்பது அவன் புகார். அப்புறம் வக்கீல், வாய்தா என்று போய்விட்டது. ஓய்வுநாளை ஆசரிக்க அப்பா வைத்த ஏற்பாட்டை வைத்தே பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனோம்.

எங்கள் சபையில் இராப்போஜனத்தின்போது (அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஆராதனை) சமாதானத்தைக் கையில் கொடுக்கும் வழக்கம் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானபின், 1950-ல் வந்த ஆராதனை முறையில் இது இருக்கிறது. பீடத்தண்டையில் ஐயர், அதாவது எங்கள் போதகர், தொடங்கி வைப்பார். வலது உள்ளங்கையை மற்றவருடைய வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடிக்கொள்ள வேண்டும். அது வரிசை வரிசையாகப் பின்னால் வரும். அது முடிந்த பிறகுதான் காணிக்கை. இந்த வரிசைமுறையை எத்தனையோ வருடம் பார்த்தும் அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

அன்று பண்டிகைக் கூட்டம். வழக்கமாக நாலு வரிசை தள்ளி உட்காருகிற தம்பி, இடம் இல்லாமல் எனக்கு நேர் முன்னால் வந்துவிட்டான். சமாதானம் அவன் கைக்கு வந்தது. திரும்பினான். என்னைப் பார்த்தான். கை ஒரு நொடி அப்படியே நின்றது. விரல் இடுக்கில் மோட்டார் கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது, எனக்கும் அப்படித்தான். அப்புறம் அந்தக் கையை எனக்குப் பக்கத்தில் நின்ற என் மகனிடம் நீட்டினான். எட்டாவது படிக்கிற பையன் சித்தப்பாவின் கையைப் பிடித்தான், திரும்பி எனக்குக் கொடுத்தான். தம்பியின் சமாதானம் என் பிள்ளை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

உடனே காணிக்கைப் பை வந்தது. சட்டைப் பையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் வைத்திருந்தேன். கை போகவில்லை. பைபிளில் இயேசு சொன்ன மத்தேயு 5:23 மனதில் ஓடியது. “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்.” அப்படியானால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறது அடுத்த வசனம். அதுவரை நான் அதை, அவன் மேல் எனக்குக் குறை இருந்தால் என்றுதான் மனதுக்குள் படித்து வந்திருக்கிறேன். வசனத்தில் அப்படி இல்லை. என் மேல் அவனுக்கு. நமக்கு அடுத்தவன் மேல் குறை இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மாற்கு 11:25 இருக்கிறது. அங்கே எங்கேயும் போகச் சொல்லவில்லை, நின்ற இடத்தில் ஜெபிக்கும்போதே மன்னிக்கச் சொல்கிறது. எழுந்து போகச் சொல்வது இந்த இடத்தில்தான்.

சொன்னபடி செய்தேனா? இல்லை. கவரைத் திரும்ப உள்ளே வைத்தேன். பக்கத்தில் வீட்டுக்காரி முறைத்தாள். ஆராதனை முடிந்து, அசனத்தில் வரிசையில் உட்கார்ந்து, ஓலைப்பெட்டியில் வந்த சோற்றையும் கறிக்குழம்பையும் நன்றாகவே சாப்பிட்டேன். சாயங்காலம்தான் போனேன். கலிலேயாக்காரர்களிடம் இயேசு இதைச் சொன்னார். பலிபீடம் இருந்தது எருசலேமில். ஆட்டை அங்கே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி நடக்க மூன்று, நாலு நாள் ஆகும். எனக்கு இரண்டு தெரு.

வெறுங்கையோடு போனேனா என்றால் அதுவும் இல்லை. மஞ்சப்பையில் பட்டா நகல், பாகப்பத்திரம், மின்சார ரசீது எல்லாம் இருந்தன. பேச்சு வந்தால் காட்டலாமே என்று. தம்பி வாசலில் நின்றான். “வா” என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “எம்மேல உனக்கு என்னல குறை? சொல்லு, கேட்டுட்டுப் போறேன்” என்றேன்.

கிணற்றைத்தான் எடுப்பான் என்று நினைத்தேன். அவன் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அம்மைக்குக் கண் ஆப்பரேஷன் பண்ணுனியே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னியாண்ணே? தெருவுல போறவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மை உனக்கு மட்டும்தானா?”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அது கிணற்றுச் சண்டைக்கு முந்தின வருடம் நடந்தது. திருநெல்வேலிக்கு அவசரமாகக் கூட்டிப் போனேன், சாயங்காலமே திரும்பிவிட்டோம், சொல்ல விட்டுப்போயிற்று. எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. 11 வருடமாகக் கிணற்றுக்கு ஆதாரம் சேர்த்திருக்கிறேன். அவன் குறை என் பையில் இருந்த எந்தக் காகிதத்திலும் இல்லை.

“தப்புதாம்ல” என்றேன். அவன் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அதற்கு மேல் அன்று பேசவில்லை. கட்டிப்பிடித்து அழுதோம் என்றெல்லாம் சாட்சி சொல்வார்களே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

உடன்குடி மருமகள்:

அண்ணாச்சி, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் இல்லை. என் கதையில் சகோதரன் ஒரு ஆள் இல்லை, கடைக்கு வருகிற ஜனம்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டி வியாபாரம். பதநீர் இறங்குகிற மாதங்களில் நல்ல சரக்கு இருக்கும். சீசன் முடிந்த பிறகு சரக்குக்கு விலை ஏறும்போது சீனி கலந்த கருப்பட்டி வரும். நாங்களும் வாங்கி, அதையும் சுத்தக் கருப்பட்டி என்றே விற்றோம். பாகு காய்ச்சும்போதே சீனியைப் போட்டுச் சிரட்டையில் ஊற்றிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உடைத்து நாக்கில் வைத்தால்தான் தெரியும்.

இதில் வெட்கம் என்னவென்றால், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நீதிமொழிகள் பாடம் எடுத்தது நான்தான். 11-ஆம் அதிகாரம் முதல் வசனமே “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது.” எங்கள் தராசு சரியாக இருக்கிறது, முத்திரை போட்டது என்று தைரியமாக விளக்கம் சொன்னேன். தராசில் வைக்கிற சரக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த வாரம் கடையில் இரண்டு குவியல் போட்டு, ஒன்றின் மேல் “சீனி கலந்தது” என்று அட்டையில் எழுதி வைத்தேன். விலையும் குறைவு. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பாட்டில் கோபம் காட்டினார். ஆனால் பாதிப் பேர் சீனி கலந்ததையே கேட்டு வாங்கிப் போனார்கள், விலை குறைவு என்று! பைபிளில் வருகிற வரி வசூல்காரன் சகேயு மாதிரி, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க என்னிடம் கணக்கும் இல்லை, காசும் இல்லை.

ஒரு ஆச்சி வீட்டுக்கு மட்டும் நேரில் போனேன். அவர்கள் மகளுக்குப் பிள்ளைப்பேற்று மருந்து கிண்ட எங்கள் கடையில்தான் கருப்பட்டி வாங்குவார்கள். அதற்குப் போய்க் கலப்படம் கொடுத்தோமே என்பதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. சொன்னேன். ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “தெரியும்ட்டி. உங்க கடையிலதான் கம்மியாக் கலப்பீய, அதான் வந்தேன்” என்றார்கள்.

சிரிப்பதா அழுவதா? இரண்டு கருப்பட்டி கொண்டுபோயிருந்தேன், நல்லது. உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

பெயர் வேண்டாம்:

இந்த வசனத்தை எனக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவள் நான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், “காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு” என்று என்னைத்தான் அனுப்பினார்கள். இரண்டு முறை திரும்பிப் போனேன். மூன்றாவது முறை போகவில்லை.

தேரிக்காட்டு அண்ணன் எழுதியதைப் படித்துத்தான் வசனத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். யார் மேல் குறை இருக்கிறதோ அவன்தான் எழுந்து போக வேண்டும். என் வீட்டு வாசலுக்கு இதுவரை யாரும் வரவில்லை. பிரசங்கம் பண்ணுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வரியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்:

சகோதரி எழுதியதற்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும். குறை உள்ளவன் வாய் திறந்து சொன்னதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். பிற்பாடு 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயர் (பிஷப்), ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த கூட்டத்தில் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது சாரம். கேட்டவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 35.

காணிக்கை ஏராளமாக வந்த இடத்தில், ஒப்புரவு வரவில்லையே என்று சொன்ன ஆள் அவர். எங்கள் தாத்தா அதை அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர்ச் சண்டையைத் தொடர்வார். நானும் அவர் பேரன்தான்; என் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தாராவித் தம்பி:

போனவர்கள் கதையாகவே வருகிறது. நான் போன் பண்ணியவன்.

என் பெரியப்பா மகன் ஏரல் பக்கம் இருக்கிறார். அவர் ஜாமீன் போட்டு எனக்கு ஒரு கடன் வாங்கிக் கொடுத்தார். நான் பம்பாய் வந்து சேர்ந்ததும் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டேன். அவர்தான் கட்டினார். 2022 லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள்) ஒரு தியானக் கூட்டம் முடிந்து வந்து, தைரியம் சேர்த்துப் போன் போட்டேன். “அண்ணே, நாந்தான்” என்றேன். “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார். அவர் குரல் எனக்குத் தெரியாதா? அப்புறம் மாதாமாதம் பணம் அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு பதிலும் இல்லை. திருப்பியும் அனுப்பவில்லை.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை உங்கள் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஏரலுக்குள் வந்ததை இங்கே டிவியில் பார்த்துக்கொண்டு போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். லைன் போகவில்லை. அந்த இரண்டு ராத்திரியில் நான் பண்ணின ஜெபத்தில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது, “ஆண்டவரே, அவர் எடுத்தால் போதும், ராங் நம்பர்னு சொன்னாலும் போதும்” என்பதுதான். நாலாவது நாள் வேறு ஏதோ நம்பரிலிருந்து கூப்பிட்டார். “வீடு முங்கிட்டு. ஆள் எல்லாம் இருக்கோம்.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்த நம்பரை இன்னும் அழிக்கவில்லை. கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.

தேரிக்காட்டுக்காரன்:

எல்லோரும் எழுதியதற்கு நன்றி. பெயர் வேண்டாம் என்ற சகோதரிக்கு: உங்கள் பதிவை என் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். “உங்க கதையை விட அந்தப் பிள்ளை சொன்னதுதான் கோயில்ல வாசிக்கணும்” என்றாள்.

இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், கவர் என்ன ஆயிற்று என்று. அடுத்த ஞாயிறு போட்டேன். வழக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது இன்னும் நடக்கிறது. வாபஸ் வாங்க இரண்டு வக்கீலும் ஒரே நாளில் வர வேண்டுமாம், அது இதுவரை அமையவில்லை. போன வாய்தாவுக்கு ஒரே பைக்கில்தான் போனோம். அவன் ஓட்டினான். பெட்ரோல் யார் போடுவது என்று பங்கில் வைத்துக் கொஞ்சம் சத்தம் வந்தது.