நிரலாளர் குழுவுக்கு ஓ.கே.ஆர். ஏற்றதா, ஸ்மார்ட் ஏற்றதா?

கேள்வி (பினாங்கு)

வணக்கம். பாயான் லெப்பாஸில் ஆறு நிரலாளர்கள் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இதுவரை மனிதவளப் பிரிவு தரும் கே.பி.ஐ. (முக்கியச் செயல்திறன் குறியீடு) படிவத்தைத்தான் நிரப்பி வந்தோம். அதில் 'மாதத்துக்கு 20 டிக்கெட் (தனித்தனி வேலைப் பதிவு) முடித்தல்' என்றொரு வரி இருந்ததால், ஒரே பிழைத்திருத்தத்தை மூன்று டிக்கெட்டுகளாகப் பிரித்துப் பதிவதில் எங்கள் பிள்ளைகள் தேர்ந்துவிட்டார்கள். நானும் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். வரும் ஜனவரி முதல் இலக்கு வைக்கும் முறையை நானே தேர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள். ஓ.கே.ஆர். (நோக்கமும் முக்கிய விளைவுகளும்), ஸ்மார்ட் (குறிக்கோளைச் சோதிக்கும் ஐந்து அளவுகோல்கள்) ஆகிய இரண்டில் எதைப் பின்பற்றலாம்?

மறுமொழி 1 (கோலாலம்பூர்)

இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1981இல் ஜார்ஜ் டோரன் எழுதிய சிறு கட்டுரையில் அறிமுகமான ஸ்மார்ட், எழுதிய குறிக்கோள் தெளிவாகவும் அளக்கத்தக்கதாகவும் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும். எதைக் குறிக்கோளாகக் கொள்வது என்று அது சொல்லாது. உங்கள் '20 டிக்கெட்' வரிகூட அந்தச் சோதனையில் தேறிவிடும்! ஓ.கே.ஆர். முறையை 1970களில் சில்லு நிறுவனமான இன்டெல்லில் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்தார்; அங்கே அதைக் கற்று, பின்னர் முதலீட்டாளரான ஜான் டோர் 1999இல் கூகுளுக்குக் கொண்டுசென்றார். (இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது என்பதால், ஒருவகையில் இது உங்களுக்கு அக்கம்பக்கத்துச் சரக்குதான்.)

ஓ.கே.ஆரில் முதலில் நோக்கத்தை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, 'வெளியீட்டு நாளன்று யாரும் இரவு தங்க நேரக்கூடாது' என்பது நோக்கமானால், நிரல்மாற்றம் பயனரைச் சென்றடையும் காலம் ஒன்பது நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைவதும், பத்து வெளியீடுகளில் பழுதாவது மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைவதும் அதன் முக்கிய விளைவுகள். காலாண்டுக்கு ஒரே நோக்கம் போதும். ஆறு பேருக்கு அதற்குமேல் தாங்காது.

மறுமொழி 2 (பட்டர்வொர்த்)

மேலே நண்பர் சொன்னது சரிதான். ஆனால் போனஸை மறந்துவிட்டார். கூகுளில் ஓ.கே.ஆருக்கு 1.0க்கு 0.7 எட்டினாலே நல்ல மதிப்பெண்ணாகக் கொள்வார்கள், ஏனெனில் எட்டாத உயரத்துக்குக் குறிவைப்பதே அங்கே வழக்கம். எங்கள் பழைய அலுவலகத்திலோ ஓ.கே.ஆர். மதிப்பெண்ணை ஆண்டிறுதி போனஸோடு கட்டிவிட்டார்கள். அடுத்த காலாண்டிலேயே, பாதி முடிந்த வேலைகளையெல்லாம் இலக்கென்று எழுதி அனைவரும் 1.0 வாங்கினோம். ஆகவே முறையைவிட, மதிப்பெண் யார் கைக்குப் போகிறது என்பதையே முதலில் கேளுங்கள். வெளியீட்டு வேகம், பழுது விகிதம் போன்ற அளவுகளைக் குழு முழுமைக்கும் மட்டுமே வையுங்கள். ஆளுக்கு ஆள் பிரித்தால் மறுபடியும் டிக்கெட் கதைதான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. போனஸ் பற்றி நான் யோசிக்கவே இல்லை. புதன்கிழமை மனிதவள அதிகாரியைப் பார்த்து, குழு மதிப்பெண் தனியாள் கோப்பில் ஏறாது என்று எழுத்தில் கேட்கப்போகிறேன். மறுத்தால் பழைய படிவத்தையே வைத்துக்கொண்டு, டிக்கெட் வரியை மட்டும் நீக்கச் சொல்வேன்.