டூவாவில் மணல் வந்தது ஒரே இரவிலா?

மணற்காடன்:
அயர்லாந்தின் அக்கில் தீவு பற்றி ஊர்சுற்றி எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. "டூவா கடற்கரையில் ஒரே இரவில் திரும்பி வந்த மணல் இன்றும் அப்படியே கிடக்கிறது" என்கிறார். ஒரே இரவிலா? 1984 புயலில் போன மணல், 2017 ஏப்ரலில் பத்து நாள் போல எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. 2019 ஜனவரியில் கடல் மறுபடி வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு நான் போனபோது குண்டுக்கல்லில் தடுக்கி விழாத குறை.

ஊர்சுற்றி:
2018 ஜூனில் வெறுங்காலோடு நடந்தவன் நான். விடுதிக் குளியலறையில் செருப்பைக் கழுவினால் கைப்பிடி மணல் கொட்டியது. இல்லாத மணலா கொட்டியது?

மணற்காடன்:
2018இல் இல்லை என்று யார் சொன்னது? நான் கேட்பது 'ஒரே இரவில்'. ஈஸ்டர் வாக்கில் வடக்கிலிருந்து அடித்த குளிர்காற்று கொண்டுவந்தது என்றுதான் ஊர்க்காரர்களே சொன்னார்கள். நாள்கணக்கில் அடித்த காற்று அது.

மேகலை:
மணல்தான் வேண்டுமென்றால் சற்று மேற்கே கீம் கடற்கரைக்குப் போங்களேன். குறுகலான மலைச்சாலை, நடுவே ஆடுகள் படுத்திருக்கும். வளைவு திரும்பியதும் கீழே பச்சைத் தண்ணீர். ஒரு காலத்தில் ஈரல் எண்ணெய்க்காகப் பெருஞ்சுறா பிடித்த இடம். வார நாளில் போனால் நீங்களும் அலையும்தான்.

மணற்காடன்:
கீமைப் பற்றி யாரம்மா கேட்டார்கள்?

பழங்கணக்கு:
தீவின் பெயர் 'அச்சில்' இல்லையோ?

மணற்காடன்:
அக்கில். அந்த ஊரில் இறங்கிக் கேட்டுப் பாருங்கள் ஐயா.

ஊர்சுற்றி:
அட்லாண்டிக்கை இரண்டு திசையிலும் துடுப்புப் போட்டுக் கடந்த டான் ஆலம் கரையேறியதே டூவாவில்தான். நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லிலா வந்து இறங்கினார்?

மணற்காடன்:
அவர் இறங்கியது 1980களில். மணல் திரும்பி வந்தது 2017. கூட்டல் கழித்தல் தெரியாதவர் எதற்குப் பயணக் குறிப்பு எழுதுகிறார்?

ஊர்சுற்றி:
மோஹர் பாறைக்குப் பஸ் நேரத்தைத் தப்பாகச் சொல்லி என்னை இரண்டு மணி நேரம் மழையில் நிறுத்திய மகான் கணக்குப் பேசுகிறார்!

மணற்காடன்:
அது குளிர்கால அட்டவணை என்று அன்றே சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். ஒரே இரவிலா, பத்து நாளா?

ஊர்சுற்றி:
படம் போடுகிறேன், பாருங்கள்.

மணற்காடன்:
இரவில் எடுத்த படமா?

பழங்கணக்கு:
எங்கள் வீட்டில் அச்சில் என்றுதான் சொல்வோம்.